கிளுவை வேலிக்கு ஓர் ஆமென்

1953, பிப். 14, சனி

காலையில் நல்ல பனி. கிளுவை வேலியில் ஆடு புகுந்த இடத்தை அடைக்க நாலு கம்பு வெட்டினேன். நடவில்லை, தபால் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. வரும் புதன் லெந்து தொடக்கம், ஈஸ்டர் வரை நாற்பது நாள் நோன்பு. இந்த வருஷம் விட வேண்டியவை: கறி, மூக்குப்பொடி, இரண்டாம் காபி.

வீட்டுக்காரி அன்னம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "செல்லையா வாத்தியார் மேல உள்ள கோவத்தையும் சேத்து எழுதுங்க."

எழுதவில்லை. செ. அடுத்த வீடு, ஒரே கோயில். வேலியைத் தள்ளி நட்டு அவர் இடத்தைப் பிடித்தேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்; என் இடத்தில் கண் அவருக்குத்தான். இரண்டு வருஷமாக எதிரே கண்டாலும் இருவரும் தோத்திரம் சொல்வதில்லை.

ஆபீசில் தபால்காரர் சுப்பையா பிள்ளைக்குச் சந்தேகம், லெந்து என்றால் என்ன என்று. உங்கள் ஆடித் தபசு மாதிரிதான் என்று சொல்லி வைத்தேன். "எங்க அம்மன் ஒத்தக் கால்லல்லா நிப்பா. நீரு எதுல நிக்கீரு வே?" கறி விடுவதைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

15, ஞாயிறு

ஆராதனை முடிவில் பாதிரி ஐயர் அறிவிப்பு. புதன்கிழமை வழக்கம்போல் பாவிகள் மேல் வேதம் கூறும் சாபங்கள் வாசிக்கப்படும், சபையார் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்ல வேண்டும். மனஸ்தாபம் உள்ளவர்கள் அதற்குள் ஒப்புரவாக வேண்டும்.

அந்தச் சாபங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: அடுத்தவன் எல்லையைத் தள்ளுகிறவனுக்கு உள்ளது. போன வருஷம் நான் போட்ட ஆமென்னில் முன்வரிசைக் கைக்குழந்தை வீரிட்டு அழுதது. செ.யும் குறைவாகச் சொல்லவில்லை. அவர் என்னை நினைத்து, நான் அவரை நினைத்து. அப்படியானால் சாபம் யார் வீட்டுக்குப் போயிருக்கும்? மத்தியானம் தூக்கம் வரவில்லை.

16, திங்கள்

பத்திரத்தைத் தேடி எடுத்தேன். கிணற்றுச் சுவரிலிருந்து வேலி முப்பது அடி. அன்னத்தின் தையல் டேப்பால் அளந்தேன். முப்பத்திரண்டே கால். டேப் பழசு என்று கயிறு கட்டி அடிக்கோல் வைத்து அளந்தேன். அதே முப்பத்திரண்டே கால்.

வேலிக்கு உள்பக்கம் கத்தரிப் பாத்தியைக் கிளறினால், மண்ணுக்குள் அப்பா நட்ட கட்டைகளின் உளுத்த அடி. வரிசையாக.

விஷயம் புரிந்தது. பாத்தி கெடக் கூடாது என்று வருஷாவருஷம் புதுக் கம்பை வெளிப்பக்கமே ஊன்றியிருக்கிறேன். திருடவில்லை. ஆனால் வேலி தானாக நடக்காதே. வெட்கமாக இருக்கிறது. அன்னம் டேப்பைச் சுருட்டினாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

17, செவ்வாய்

செ. வீட்டு வாசல் வரை இரண்டு தடவை. இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். காகிதம் எழுதினேன், கிழித்தேன்.

நாளை அந்தச் சாபத்துக்கு வாயை மூடினால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆமென் போட்டால் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. காய்ச்சல் அடிக்கிறதா என்று அன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இல்லையாம்.

18, சாம்பல் புதன்

போனேன். அந்தச் சாபம் வந்தது. வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. சபை முழுக்க ஆமென் சொல்லிற்று. ஆனால் என் பின்னால், செ. உட்காரும் இடத்திலிருந்து, ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு என்ன வந்தது?

வெளியே வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். தோத்திரம் சார்வாள் என்றேன். தப்பு என்னுடையது, வேலி இரண்டேகால் அடி உங்கள் இடத்தில், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"தெரியும் வே. திங்கக்கெழம நீரு டேப்பு பிடிச்சு அளந்தத பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். பெறவு எப்படி ஆமென் சொல்ல? அது உம்ம தலையிலல்லா விழும்."

கண் நிறைந்துவிட்டது. அவர் வேறு பக்கம் பார்த்தபடி மூக்குப்பொடி மட்டையைத் திறந்து நீட்டினார். லெந்து முதல் நாள். எடுத்துக்கொண்டேன்.