இவொனேட்டியின் நாற்காலி

மார்ச் 9, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக இரண்டு கைகளையும் வெந்நீரில் முக்கிக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். காபி அதற்கப்புறம்தான். மணிக்கட்டு இளகாமல் பாத்திரம் தூக்க முடிவதில்லை.

இன்றிலிருந்து வகுப்பில் நான் ஒருத்திதான். செவிலியர் படிப்பு, மூன்றாம் ஆண்டு. அத்தனை பிள்ளைகளில் காது கேளாதவள் ஜாண்டிரா மட்டும். ஆசிரியர் பேசப் பேச, பலகை ஓரம் நின்று அவளுக்குச் சைகையில் சொல்வது என் வேலை. போன வருடம் வரை, இருபது நிமிடம் ஆனதும் என்னோடு இதே வேலை பார்த்த இவொனேட்டி எழுந்து வருவாள். நான் போய் முன்வரிசையில் அவள் நாற்காலியில் உட்காருவேன். இந்த வேலையை இரண்டு பேராகத்தான் செய்வார்கள். உட்கார்ந்திருப்பவளுக்கும் ஓய்வு கிடையாது. நிற்பவள் ஒரு சொல்லைத் தவறவிட்டால், மடியில் கையை வைத்தபடியே எடுத்துக் கொடுப்பாள்.

இந்த வருடம் இவொனேட்டியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தலைநகர் பிரசிலியாவிலிருந்து கல்லூரிக்கு வரும் பணம் குறைந்துவிட்டதாம். ரெசிஃபி நகரத்தில் ஒரு வங்கியில், காது கேளாதவர்களுக்குச் சைகையில் பேசும் வீடியோ சேவைக்குப் போய்விட்டாள்.

அவள் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

மார்ச் 10

இன்றும் பை.

மார்ச் 26, வியாழன்

மாணவர் நலப் பொறுப்பாளர் அடால்பெர்டோ கூப்பிட்டிருந்தார். அவர் அறையில் ஏசியை நிறுத்திவிட்டார்கள். காபியை வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவருகிறார். எனக்கும் பாதி ஊற்றினார்.

"வெட்டாத இடமே இல்ல லூசினேயா. கேன்டீன்ல கறிய வெட்டினேன், ராத்திரி பஸ்ஸ வெட்டினேன். உங்க கையத்தான் இன்னும் வெட்டல." சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஒரு செமஸ்டர் சமாளிங்க. உங்கள விட்டா அந்தப் பொண்ணுக்கு யாரு?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது? நான் மாட்டேன் என்றால் ஜாண்டிராவுக்குப் பாதி வகுப்புகூட இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

நாள் முழுக்கப் பேசியிருக்கிறேன். ஆசிரியர் பேசியது, பிள்ளைகள் கேட்டது, ஜாண்டிரா பதில் சொன்னது. எதுவும் என் பேச்சில்லை. வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது — காலையில் பஸ் ஓட்டுநருக்கு வணக்கம் சொன்னதைத் தவிர இன்று நானாக எதுவுமே சொல்லவில்லை.

சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து இவொனேட்டியைக் கூப்பிட்டேன். கையாலேயே பேசிக்கொண்டோம்.

"என்னடி கை வீங்கியிருக்கு? கிட்ட கொண்டா."

"வெளிச்சம் அப்படி."

"என்கிட்டயேவா?"

அதற்குள் அவளுடைய இடைவேளை முடிந்துவிட்டது. திரை அணைந்த பிறகும் கை இன்னொரு வாக்கியத்தைத் தொடங்கியிருந்தது.

மே 8, வெள்ளி

பேராசிரியர் தெயோடோரோ ஊசிக்குப் பயந்த போலீஸ்காரர் கதை ஒன்று சொன்னார். வகுப்பே சிரித்தது. என் கை அப்போது அதற்கு முந்தின வாக்கியத்தில் இருந்தது. ஜாண்டிரா திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு என்னை. என்ன?

அப்புறம் சொல்றேன் என்று கை காட்டினேன்.

மே 11, திங்கள்

கேன்டீனில் ஜாண்டிரா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். சோறு, பீன்ஸ், ஒரு முட்டை.

"அந்தப் போலீஸ்காரன் கதை என்னக்கா?"

எனக்கு மறந்துபோயிருந்தது. உண்மையாகவே மறந்துபோயிருந்தது.

"எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா சாப்பிடுவோம். அத்தை, மாமா, சின்னதுங்க, எல்லாம். திடீர்னு எல்லாரும் சிரிப்பாங்க. என்னன்னு கேட்டா, அப்புறம் சொல்றேன்னு அம்மா கை காட்டுவா. சின்ன வயசுலருந்து கேக்கறேன். அந்த அப்புறம் இன்னும் வரல." முட்டையைப் பாதியாக வெட்டினாள். "இப்ப நீயும் எங்க வீட்டாளு ஆயிட்ட."

என் முகம் எப்படிப் போனதோ, உடனே என் தோளைத் தட்டினாள். "விடு. சிரிக்கவா வந்தேன்? ஊசி போடக் கத்துக்க வந்தேன்."

ஆனால் இவொனேட்டி இருந்தவரை அவள் எல்லாரோடும் சேர்ந்துதான் சிரித்தாள். அதே நொடியில். நான் பார்த்திருக்கிறேன்.

மே 29, வெள்ளி

முதலில் சிரிப்புகளை விட்டேன். அப்புறம் பின்வரிசைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை. இப்போது உதாரணங்களும் போகின்றன. இரண்டாவது மணி நேரத்தில் என்னிடமிருந்து அவளுக்குப் போவது பாடமில்லை, பாடத்தின் எலும்பு.

போன வருடம் தெயோடோரோவிடம் சண்டை போட்டுக் கேள்வி கேட்டவள், இப்போது கை தூக்குவதே இல்லை. இன்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தாலும் காதில் விழும். அவள் கண்ணை எடுத்தால் அவளுக்கு வகுப்பே இல்லை.

நான் கையை நிறுத்தவில்லை. யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஜூன் 12, வெள்ளி

நலப் பிரிவுக் கூட்டத்தில் அடால்பெர்டோ சந்தோஷமாக இருந்தார். "ஒரு புகார்கூட வரல! ஒரு ஆளே போதும்னு ஆட்சிக் குழுவுக்கு எழுதப் போறேன். வர்ற வியாழக்கிழமை அவங்களே வந்து வகுப்புல உக்காந்து பாக்கறாங்க. மத்த கல்லூரிக்கும் இதையே காட்டலாமாம். நீங்கதான் நம்ம பெருமை."

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த அறையில் நான் ஒருத்திதான் கறுப்பி. நலப் பிரிவு நன்றாக நடக்கிறது என்று படம் எடுக்க வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் கெட்டவரில்லை. புகார் வராமல் பார்த்துக்கொண்டது யார்? வலிக்கு மாத்திரை போட்டு, சிரித்த முகத்தோடு நின்று, இவொனேட்டி தேவையில்லை என்று நிரூபித்தது யார்?

ஜூன் 14, ஞாயிறு

தெருவில் சான் ஜுவாவ் விழாவில் தீ வளர்க்க விறகு அடுக்குகிறார்கள். பக்கத்து வீட்டில் சோளக் கேக் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கை வலி என்றேன். சாப்பிடக் கூப்பிட்டதற்குக் கை வலி என்கிறேன்.

ஜூன் 17, புதன்

மாத்திரை போடவில்லை. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நாளை இருபது நிமிடம் ஆனதும் கையை இறக்கிவிடுவேன். அந்தப் பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, இவொனேட்டியின் நாற்காலியில் போய் உட்காருவேன். தெயோடோரோ பேசட்டும். பலகை ஓரத்தில் வந்து நிற்க யாருமில்லை என்பதை ஆட்சிக் குழுவினர் பார்க்கட்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. இவொனேட்டியிடம்கூட.

ஆனால் நின்றுபோகப் போவது என் பாடமில்லை, ஜாண்டிராவின் பாடம். அவள் வேண்டாம் என்றால் கை இறங்காது. காலையில் வகுப்புக்கு முன்னால் கேன்டீன் வாசலில் அவளைப் பிடிக்க வேண்டும்.

இதையாவது அவளுக்கு அப்புறம் சொல்லக் கூடாது.