உன் ஒரு வசனத்தை மாற்றச் சொன்னேன், துளசி

என்ரை குஞ்சு துளசிக்கு,

மலையேறிகளுக்கான அந்த வழிகாட்டிப் புத்தகம் வந்துவிட்டது. போன ஞாயிறு மத்தியானம் உன்னோடு மலையேறி, இப்போது அதை அச்சுக்குக் கொடுத்த ஹன்னாவே நம் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள். வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் மூன்று வருடம் ஏறி இறங்கி, வழிகளைப் படமாகக் கீறி நீ எழுதிய பகுதி நடுவில் இருக்கிறது. கோடையில் ஏறும் பாறைகள் முதலில், மாரிக் குளிரில் உறைந்துபோகும் அருவிகள் பிறகு. தலைப்புக்குக் கீழே உன் பெயர். அதை விரலால் தடவிப் பார்த்தேன். அச்சு எழுத்து கைக்குத் தட்டுப்படாது என்று தெரிந்தும் தடவினேன்.

உனக்குச் சொல்லாமல் நான் ஒன்று செய்திருக்கிறேன் பிள்ளை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. அன்று மலைக்கு உன்னோடு வந்து, கால் முறிந்து உயிர் தப்பிய ஹன்னாவை அம்மா வீட்டுக்குள் எடுக்கவில்லை. "அவள் வந்திட்டாள், என்ரை பிள்ளை வரேல்லை" என்பாள். அதனால் போன இலையுதிர் காலத்தில் ஹன்னா என்னைத் தேடி பஸ் டிப்போவுக்கு வந்தாள். ஷிப்ட் முடிந்ததும் ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணியோடு இருந்தோம். உன் கையெழுத்துப் பிரதியை மேசையில் விரித்து ஓர் இடத்தைக் காட்டினாள்.

"உச்சியிலிருந்து இறங்க இடப்பக்க இடுக்குத்தான் சுகம். இருபது நிமிடம் போதும்."

அந்த இடுக்கில்தான், இறங்கும்போது, உங்கள் காலடியில் பனி சரிந்தது.

"அவள் இதைக் கோடையில் எழுதினாள். கோடையில் இது சரி," என்றாள் ஹன்னா. "மாரிக்கும் பொருந்துமா என்று பார்க்கத்தான் அன்று அதால் இறங்கினோம். நானும் ஓம் என்றுதான் சொன்னேன். இது இப்படியே அச்சானால் இன்னும் யாராவது இறங்குவார்கள். மாற்றவேண்டும். ஆனால் அது அவளுடைய வசனம். உங்களைக் கேட்காமல் தொடமாட்டேன்."

எனக்கு வந்த கோபம்! "என்ரை மகள் பிழை விட்டாள் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லப் போறியோ?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் எல்லாம் விளங்கியதுபோல் தலை குனிந்தாள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

உன்னிடமிருந்து மிஞ்சியதே அந்த எழுத்துத்தானே? அதிலும் கை வைக்கச் சொன்னால் ஒரு தகப்பன் என்ன செய்வான்?

இரண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் ஓட்டும் பஸ்ஸில் ஓர் இளம் பெட்டை ஏறினாள். முதுகுப்பையில் கயிற்றுச் சுருளும் ஹெல்மெட்டும். "வடக்கே மலைக்கா?" என்று கேட்டேன். "ஓம், முதல்தரம்," என்று சிரித்தாள். ஸ்டேஷனில் இறங்கும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் வீட்டில் ஓர் அப்பன் இருப்பான். கதவை மூட என் கை வரவில்லை. பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்ட பிறகுதான் பஸ்ஸை எடுத்தேன்.

அன்று இடைவேளையில் ஹன்னாவுக்குப் போன் எடுத்தேன். "மாற்று. ஏன் மாற்றினாய் என்பதையும் எழுது. அவள் பெயரை மறைக்காதே," என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதது கேட்டது.

போன ஞாயிறு புத்தகத்தோடு ஹன்னா வந்தபோது கதவைத் திறந்தது அம்மாதான். அவளை உள்ளே வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஹன்னா புத்தகத்தை நீட்டினாள். அம்மா வாங்கி, உன் பெயர் இருந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இதைத் தமிழிலை வாசிச்சுச் சொல்லுங்கோ."

சொன்னேன். பாறையின் பெயர், கயிற்றின் நீளம், எங்கே கை பிடிப்பது, எங்கே மூச்சு வாங்குவது. அந்த வசனம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

வாசித்தேன். "மாரியில் இடப்பக்க இடுக்கால் இறங்கவேண்டாம். வடக்கே சுற்றிப் போங்கள், ஒரு மணித்தியாலம் கூடப் பிடிக்கும். இந்தப் பகுதியை எழுதிய துளசி இவ்விடுக்கில் பனி சரிந்து இறந்தார்."

"பிள்ளை முதல்லை வேறை மாதிரியோ எழுதி வைச்சவள்?"

"ஓம்."

"பிழையாயோ?"

"ஓம். நான்தான் மாத்தச் சொன்னனான்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத எனக்கு ஏலாது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "அப்ப இனி ஆரும் அதாலை இறங்கமாட்டினம்," என்று மட்டும் சொன்னாள். புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு, வாசலிலேயே நின்ற ஹன்னாவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டாள்: "யுவர் லெக்... ஸ்டில் பெயின்?"

ஹன்னா நிலத்தில் குந்தி இருந்துவிட்டாள். அம்மாவும் பக்கத்தில் இருந்து அவள் முறிந்த காலைத் தொட்டாள். இருவரும் அழுதார்கள். நான் குசினிக்குள் போய்ச் சோற்றைச் சூடாக்கினேன். வேறு என்ன செய்வது?

என்னில் உனக்குக் கோபமா பிள்ளை? நீ இருந்திருந்தால் நீயே மாற்றியிருப்பாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ இருந்திருந்தால் என்பதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

இந்தச் சனிக்கிழமை ஹன்னா மறுபடி மலைக்குப் போகிறாள், நீ போனதற்குப் பிறகு முதல்தரம். போகட்டுமா என்று கேட்டாள். போகாதே என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு, "இறங்கியதும் முதல் போன் எனக்கு," என்றேன். உனக்கு வாக்குத் தருகிறேன்: அவள் மலைக்குப் போகும் நாளெல்லாம், பத்திரமாக இறங்கிவிட்டேன் என்ற அவள் குரலைக் கேட்கும்வரை நான் போனைக் கையிலிருந்து வைக்கமாட்டேன்.

உனக்கும், இப்போது கொஞ்சம் அவளுக்கும்,
அப்பா