பென் டிரைவைக் கழற்ற மாட்டேன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கழுத்து வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. லேப்டாப்தான் நான்கு நாளாக உயிரை வாங்கிவிட்டது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, அதற்குமேல் நகரவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், திட்டினேன், இரண்டு தட்டும் தட்டினேன். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடு" என்று சாவகாசமாகச் சொன்ன, அறையில் கூட இருப்பவனோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

கடைசியில் ரிப்பேர்க்காரர், நீ போன வாரம் கொடுத்தனுப்பி, நான் செருகியே வைத்திருந்த பென் டிரைவைப் பிடுங்கினார். உடனே ஓடியது! ஆன் ஆனதும் எதை முதலில் தேடுவது என்ற வரிசை பயாஸ் செட்டிங்கில் இருக்குமாம்; அதில் ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் பென் டிரைவைத் தேடும்படி இருந்ததாம். பாப்பாவின் பாட்டைத் தவிர அதில் ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிட்டதாம்.

"ஆன் பண்றப்ப இதைக் கழட்டி வெச்சுடுங்க" என்றார்.

"கழட்ட மாட்டேங்க. அந்த வரிசையை மாத்திக் குடுங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

பாப்பா பதினோரு நிமிடம் பாடுகிறாள். முடிவில் நீ, "போதும், நிறுத்துடி" என்கிறாய். அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். அடுத்த தடவை நீயும் பேசி அனுப்பு. திட்டுவதானாலும் சரி, கொஞ்சம் நீளமாகத் திட்டு.

கம்பெனி வண்டி ஹார்ன் அடிக்கிறது.

பாப்பாவின் அப்பா