தமிழினி விரல்களால் சொன்னது

சரிதா,

புதுச்சத்திரம் பண்ணையில் முட்டை லோடு இருக்கிறது, கிளம்பிவிட்டேன். தோசைக்குச் சட்னி அரைத்து வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு வைஃபைக்காரர் வருவார். மறுபடியும் இணைப்புக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாடிச் சாவி டிவி பக்கத்தில் இருக்கிறது.

"ஊட்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கோணும்" என்று சொல்லித்தான் போன வாரம் வைஃபையை நிறுத்தினேன். அன்றிலிருந்து நீ என் முகத்தையே பார்ப்பதில்லை.

நேற்றுச் சாயங்காலம் நீ பக்கத்து வீட்டு வாசலில், அவர்களுடைய வைஃபையில், உன் தங்கை தமிழினியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். காது கேளாத பெண்ணோடு போனில் இவ்வளவு பேச முடியும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேர் கைகளும் நிற்கவே இல்லை. அவள் வயிற்றைத் தொட்டு ஏதோ காட்டினாள். நீ அழுதாய், உடனே இருவரும் சிரித்தீர்கள். சத்தமே இல்லாமல் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. வண்டியை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கனிஷ்காவிடம் கேட்டேன். "சித்தி வயித்துல பாப்பா மொதத்தடவ அசைஞ்சுதாமாங்க அப்பா" என்றாள். நம் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது. கல்யாணமாகி ஏழு வருடத்தில் நான் ஒரு சொல்லும் கற்கவில்லை.

கலையரசன்

இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். 'மன்னித்துக்கொள்' என்பதற்குக் கனிஷ்கா காலையில் சைகை கற்றுக்கொடுத்தாள். சாயங்காலம் தமிழினிக்குப் போன் போட்டுக் கொடு, நானே சொல்கிறேன். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. நீ சிரித்தாலும் பரவாயில்லை.