தலைகீழாய்ச் செருகிய சிப்

இன்று காலை ஒரு பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து, ரேமைக் கழற்றி, அழுக்குப் போக அதன் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்கடையில் வாங்கிய பள்ளிக்கூடத்து ரப்பர். தேய்க்கத் தேய்க்க ஸ்ட்ராபெரி வாசனை கிளம்பியது. கை அப்படியே நின்றுவிட்டது. ரேம் தேய்க்க வாசனை ரப்பர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள் நீ ஒருத்திதான். சாதா ரப்பருக்கும் இதற்கும் ரேமுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்று ஒருநாள் கேட்டேன். "ரேமுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல" என்றாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பதினோரு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. பாலிடெக்னிக்கில் ரெக்கார்டு நோட்டைக்கூட உன்னுடையதைப் பார்த்துத்தான் எழுதினேன், அதையும் பாதியில் விட்டேன். நீ டிப்ளமோ முடித்தாய். நான் ஏழு அரியரோடு இரண்டாம் வருஷமே வெளியே வந்தேன். அப்புறம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில், ஒரே கம்ப்யூட்டர் கடையில், ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் வேலைக்கு வந்து உட்கார்ந்தோம். "முழுசாப் படிச்ச நானும் இங்கதான், அரியர் மன்னனும் இங்கதான்" என்று வருகிற கஸ்டமரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாய். சிரித்தாலும் உனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஸ்க்ரூ கழற்றுவதற்காக நீ படிக்கவில்லை. புரோகிராம் எழுத வேண்டும், அதற்குக் கோயம்புத்தூர் போக வேண்டும் என்பாய். ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து ஒரு வருஷத்தில் உனக்கென்று ஒரு மெஷின் கட்டினாய். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து பரீட்சைக்கு அழைப்பு வந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தே எழுத வேண்டிய பரீட்சை. ஒன்பது நாள் இருந்தது. அழைப்பு வருவதற்கு முன்பிருந்தே தினமும் சாயங்காலம் வீட்டுக்கு ஓடி, அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாய்.

அழைப்பு வந்த அன்றுதான் நெய்க்காரப்பட்டி வாத்தியார் தன் கம்ப்யூட்டரை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். புதிதாக நாற்பது ஜிபி ஹார்டு டிஸ்க் வாங்கியிருந்தார். அதை மாட்டினால் மெஷின் ஆரம்பத்திலேயே உறைந்து நின்றது. அவருடைய மதர்போர்டு பழசு, முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அரையாண்டுக் கேள்வித்தாள் அடிக்க வேண்டும், அஞ்சு மணி பஸ்ஸுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனார்.

டிஸ்க்கின் பின்னால் ஜம்பர் என்கிற குட்டி மூடியை இடம் மாற்றிக் குத்தினால் முப்பத்திரண்டு என்று காட்டி ஓடும், வாத்தியாருக்கு அதுவே தாராளம் என்று சொல்லிவிட்டு நீ வீட்டுக்குச் சாப்பிடப் போனாய். எனக்கு அந்த எட்டு ஜிபியை விட மனசில்லை. போர்டில் இருக்கும் பயாஸ் சிப்பை மாற்றி எழுதினால் நாற்பதும் வரும். மெஷின் கண் விழித்ததும் முதலில் படிப்பது அந்தச் சின்னச் சிப்பில் எழுதியிருப்பதைத்தான். அதில் தப்பு எழுதினால் மெஷின் அப்புறம் விழிக்கவே விழிக்காது. தெரிந்துதான் செய்தேன். வாத்தியார் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்து ஃபைலை எடுத்தேன். நம் கடையில் விற்ற பெட்டியும் போர்டும் எந்தக் காலத்தில் ஜோடி சேர்ந்திருக்கின்றன? அதே பெயரில் இரண்டு விதப் போர்டு உண்டு. எது என்பது போர்டின் ஓரத்தில், மோடம் கார்டுக்கு அடியில் அச்சிட்டிருந்தது. நான் மோடத்தைக் கழற்றவில்லை. இந்த ஃபைல் இந்தப் போர்டுக்குப் பொருந்தவில்லை, தொடரவா என்று திரையே கேட்டது. தொடர் என்று தட்டினேன்.

ஃபேன் சுற்றியது. திரை வரவில்லை. பீப் கூட இல்லை.

நீ வந்ததும் என் முகத்தைப் பார்த்தாய், அப்புறம் மெஷினைப் பார்த்தாய். ஒன்றும் திட்டவில்லை. "எங்கிட்ட இருக்கதும் இதே போர்டுதான்" என்று மட்டும் சொல்லி ஆட்டோ பிடித்துப் போனாய். அரைமணியில் உன் மெஷினோடு திரும்பினாய்.

அன்று நீ செய்ததை நான் இன்றுவரை வேறு யாரும் செய்து பார்த்ததில்லை. உன் சிப்புக்கு அடியில் பூக்கட்டுகிற நூலை இரண்டு பக்கமும் கோத்து வைத்தாய். மெஷினைப் போட்டு, ஃபிளாப்பியிலிருந்து அது விழிக்கிறவரை காத்திருந்தாய். பிறகு வழக்கம்போலக் கரண்ட் ஆபீசுக்குப் போன். பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் சிப் செத்துப்போகும் என்பதால் எழுதுவதற்கு முன் லைன்மேனைக் கேட்பது உன் வழக்கம். "அண்ணே, நாந்தான். இப்ப ஒரு அஞ்சு நிமிசம் எதையும் ஆஃப் பண்ணிறாதீக." அவர் என்னவோ கேட்டார். "ஆமாண்ணே, ஆபரேஷன்தான்" என்றாய்.

ஓடிக்கொண்டிருக்கிற மெஷினிலிருந்து நூலைப் பிடித்து உன் சிப்பைத் தூக்கினாய். விழித்துவிட்ட மெஷினுக்கு அப்புறம் சிப் தேவையில்லை, அது நிற்காமல் ஓடியது. வாத்தியாரின் செத்த சிப்பை அந்த இடத்தில் அழுத்தி, அவர் போர்டில் மோடத்தைக் கழற்றிப் பார்த்துச் சரியான ஃபைலை எழுதினாய். அதை வாத்தியாரின் போர்டில் திரும்ப மாட்டியதும் திரை வந்தது. நாற்பது என்று காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ கை கழுவப் போன நேரத்தில், நானாவது ஒரு வேலை செய்யலாம் என்று உன் சிப்பை உன் போர்டில் மாட்டிச் சுவிட்சைப் போட்டேன்.

கருகல் நாற்றத்தில்தான் நீ ஓடிவந்தாய். சிப்பைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். சிப் மட்டுமில்லை, போர்டும் போயிற்று.

அப்போது பார்த்து வாத்தியார் படியேறும் சத்தம். அவருக்கு எதுவும் தெரியவேண்டாம், மெஷின்தான் ஓடுதே என்று உன் காதில் சொன்னேன். நீ கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாய். "நீயே சொல்லு. கெடுத்தது நாந்தான்னு சொல்லு. வாயால சொன்னாத்தாண்டா அடுத்த தடவ தட்டுறதுக்கு முன்னாடி உனக்குக் கை நிக்கும்."

சொன்னேன். உன் மெஷின் போனதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் உன்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, எனக்காகவா உங்களுத விட்டீங்க?" என்றார். "உங்களுக்காக இல்ல சார், இவனுக்காக" என்றாய்.

அடுத்த எட்டு நாளும் காலை ஆறு மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கினேன். பத்து மணிக்கு முன்னால் என்னைக் கடையில் பார்த்தவர் கிடையாது. ஒன்பது மணிவரை நீ கடை மெஷினில் எழுதிப் பழகினாய். நான் டீ வாங்கிவந்து வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தேன், அதுவே எனக்குப் பெரிய தண்டனை. கோயம்புத்தூர் போய் எழுதினாய். தேறவில்லை.

முடிவு தெரிந்த அன்று, உன் மெஷினை நான்தான் என்று ஆரம்பித்தேன். "ஏலே, அந்தப் பிரிண்டர எடு, நாலு நாளாக் கெடக்கு" என்றாய். பிறகு இரண்டு தடவை முயன்றேன். ஒரு தடவை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாய். இன்னொரு தடவை, "மெஷின் இருந்திருந்தாலும் நான் ஃபெயில்தான், போடா" என்று ஸ்க்ரூடிரைவரை என் கையில் திணித்தாய். அதை நான் நம்பவில்லை. நம்பவைக்கத்தான் சொன்னாய் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இப்போது தனியாகக் கடை வைத்திருக்கிறேன். எதையாவது கெடுத்தால் கஸ்டமர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். சில பேர் கத்துகிறார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன்.

ஊரில் இத்தனை பேரிடம் சொன்னதை உன்னிடம் மட்டும் முழுசாகச் சொன்னதில்லை. உன் மெஷினைக் கெடுத்தது நான்தான். அந்த ஒன்பது நாளையும் கெடுத்தது நான்தான். பிரிண்டர் எதுவும் பாக்கி இல்லை, உனக்குப் பஸ்ஸும் இல்லை. இந்தத் தடவை நடுவில் நிறுத்த ஆளில்லாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.