ஒத்துப்போன மதிப்பெண்கள்

மார்ச் 11, செவ்வாய், காலை ஏழு பத்து. இதுவரை இருபத்துநான்கு கட்டுரைகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள், நம்ப மாட்டேன்.

வார்டில் மருந்தாளுநர் இருந்தால் நோயாளிக்கு நன்மையா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரைகள் இவை. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று இரண்டு பேர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், மதிப்பிட வேண்டும். என் மார்க்கும், இரண்டாம் ஆளான என் சீனியரின் மார்க்கும் இருபத்துநான்கிலும் அச்சு அசலாக ஒன்று. நேற்று பார்த்தால், நான் கைதவறி மாற்றிப் போட்ட ஒரு மதிப்பெண்கூட அவரிடம் அப்படியே இருக்கிறது.

"என்ன சார், என் தப்பும் உங்களுக்குப் பிடிச்சுப்போச்சா?" என்றேன்.

"நீ போட்டா சரியா இருக்கும்னு ஒரு நம்பிக்கைதான்ப்பா" என்று சிரித்தார்.

மேலாளரோ, "ரெண்டும் ஒத்துப்போனா நல்லதுதானே? தனித்தனியா பாத்தோம்னு கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை உன் வேலையை நீட்டிக்கிறதப் பத்தியும் பேசணும்" என்கிறார். அந்த இரண்டாவது வாக்கியம் சும்மா வந்ததாகத் தெரியவில்லை.

பெரிய விஷயமில்லை. அம்மாவை இங்கே மதியம் ஒரு மணி ஆகும்போது போன் பண்ணச் சொல்லுங்கள், தனியாகத்தான் சாப்பிடுகிறேன். என் பழைய போர்வையையும் அனுப்புங்கள்.

பஸ் வந்துவிடும். செய்யப்போவது இதுதான்:

1. சீனியர் திறந்து பார்க்க முடியாதபடி என் கோப்புக்குப் பாஸ்வேர்ட் போடுவேன்.
2. எல்லாவற்றையும் புதிதாக மதிப்பிட வேறு ஆள் கேட்பேன்.
3. தராவிட்டால், "ஒருவர்தான் மதிப்பிட்டார்" என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுவேன்.
4. அலமாரி மேலிருக்கும், ஊரிலிருந்து கொண்டுவந்த பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வைப்பேன். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.