காலில் ஒரு சின்னப் புண்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் சர்க்கரை அளவு இப்போது எவ்வளவு? நான் கேட்டே நான்கு மாதமாகிறது.

இங்கே ஆய்வுக்கூடத்தில் உடல் பருத்தவர்களை ஒரு நாள் முழுக்கக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து மூச்சை அளக்கிறோம். சாப்பாட்டை உடம்பு எரிக்கும் விதத்தில் எங்கே பிசகினால் சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன என்று தேடுவதுதான் என் வேலை. நேற்று உங்கள் வயதில், உங்களைப் போலவே சர்க்கரை உள்ள ஒரு தையல்காரர் வந்தார். காலில் புண் உண்டா என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். "சின்னதுதாம்மா, ஒண்ணுமில்ல" என்றார். சோதனையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் அனுப்பினேன்.

போன வாரம் நீங்களும் இதையேதான் சொன்னீர்கள். வேலை அவசரத்தில், "சரிப்பா, பாத்துக்கங்க" என்று போனை வைத்துவிட்டேன். இப்போது பேச வாய் வரவில்லை. அதனால்தான் எழுதித் தம்பியின் போனுக்கு அனுப்புகிறேன்.

வெறுங்காலோடு நடக்காதீர்கள். இங்கே குளிர் அதிகம், என் பழைய போர்வையை அனுப்பி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்கும்வரை போன் அடித்துக்கொண்டே இருங்கள்.

அடுத்த ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். நேற்று கிளம்பும்போது தையல்காரர் கேட்டார்: "உங்கப்பாவையும் இப்படித்தான் வெரட்டுவீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இதைப் படித்த கையோடு டாக்டரிடம் கிளம்புங்கள் அப்பா. நான் சொன்னது பொய்யாக வேண்டாம்.